சார்ட்டர் படகுக்கு முன் ஒரு பழைய ரீல்

கேப்டனோடு வாடகைக்கு எடுக்கிற சார்ட்டர் படகில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் சொந்தமாக எதையும் தூக்கிக்கொண்டு போகவேண்டிய அவசியம் இல்லை. ராடு, ரீல், முள், இரை, ஐஸ் என்று எல்லாமே படகில் இருக்கும். ஆனால் பல படகுகளில் கிடைப்பது படகு ஓடும்போது பின்னால் இரையை இழுத்துக்கொண்டு போவதற்கான கனமான ராடுகள்தான். வசந்தகாலத்தில் கரையோரக் கடலில் இரைமீன் கூட்டம் மேலே வந்து கொந்தளிக்கும்போது, ஸ்பூன் என்கிற சின்ன உலோகப் போலி இரையைக் கையால் வீசி வேகமாகச் சுற்றி இழுக்கிற சுகம் அதில் வராது. அதற்காகவே ஒரு லேசான ஸ்பின்னிங் செட் கொண்டுபோக நினைத்தேன். கேப்டனிடம் கேட்டபோது, "தாராளமா கொண்டு வாங்க, ஆனா டிராக்கைப் பார்த்துட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். மீன் பலமாக இழுக்கும்போது தூண்டில் நரம்பு அறுந்துவிடாமல், ஒரு அளவுக்கு மேல் விட்டுக்கொடுக்க வைக்கிற பிரேக்தான் டிராக்.

கையில் இருந்தது 4000 அளவு ரீல். நண்பர் ஒருவர் இனிமேல் கடல் பக்கம் போவதாக இல்லை என்று சொல்லிக் கொடுத்தது. நல்ல ரீல்தான். ஆனால் கடைசியாக உப்புத்தண்ணீர் பட்டதற்குப் பிறகு யாரும் அதைக் கழுவியதாகத் தெரியவில்லை. கைப்பிடியைச் சுற்றினால் கரகரவென்று சத்தம். நரம்பைப் பிடித்துச் சுற்றுகிற வளையக் கம்பியை மடக்கினால் பாதியிலேயே நின்றது. நரம்பு திரும்புகிற அந்தச் சின்ன உருளை அசையவே இல்லை.

பிரிப்பதற்கு முன்னால் டிராக்கை அளந்து வைத்துக்கொண்டேன். பெட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசு இருந்தால் போதும். ராடில் ரீலை மாட்டி, நரம்பை எல்லா வளையங்கள் வழியாகவும் விட்டு, நுனியைத் தராசில் கட்டி, ராடு பாதி வளைகிற மாதிரி பிடித்துக்கொண்டு வேறொருவரை மெதுவாக இழுக்கச் சொல்ல வேண்டும். ரீலிலிருந்து நேராக இழுத்து அளப்பதில் பயன் இல்லை. வளைந்த ராடில் வளையங்களின் உராய்வும் சேர்ந்துதான் மீனுக்குப் போகிறது. இந்த ரீலில் இழுக்க இழுக்க ஒன்றும் நகரவில்லை. தராசு 4 கிலோவைத் தொடும் நேரத்தில் திடீரென்று விட்டுக்கொடுத்து, சடக்கென்று 2 கிலோவுக்கு இறங்கியது. மறுபடி நின்றது, மறுபடி ஏறியது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ரீல் வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கிற "அதிகபட்ச டிராக் இத்தனை கிலோ" என்ற எண்ணைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். கரையோர மீன் பிடிப்பில் அந்த எண்ணை நெருங்கவே போவதில்லை. மீன் முதல் முறை பாயும்போது டிராக் எவ்வளவு சீராக நகர ஆரம்பிக்கிறது என்பதுதான் கணக்கு. நின்றுகொண்டிருக்கும் இரண்டு பரப்புகளை நகர்த்தத் தேவையான விசை, நகர்ந்துகொண்டிருப்பதைத் தொடர்ந்து நகர்த்தத் தேவையானதை விட அதிகம். பள்ளிக்கூடத்தில் படித்த அதே உராய்வுதான். வாஷர்கள் காய்ந்து, உப்பு ஏறிப்போயிருந்தால் இந்த இடைவெளி பெரிதாகிவிடும். 2 கிலோவுக்கு வைத்திருக்கிறோம் என்று நினைப்போம், முடிச்சு 4 கிலோவைத் தாங்கிக்கொண்டிருக்கும். வஞ்சிரம் மாதிரி ஒரே மூச்சில் பல மீட்டர் ஓடுகிற மீனுக்கு அந்த ஒரு கணம் போதும்.

சரி, பிரித்தேன். ஒவ்வொரு திருகாணியைக் கழற்றும்போதும் போனில் ஒரு படம், கழற்றிய வரிசையிலேயே பாகங்களை ஒரு வெள்ளைத் துணிமேல் இடமிருந்து வலமாக. நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூல், கைப்பிடி, பக்கவாட்டு மூடி எல்லாம் எளிதாக வந்துவிடும். ஸ்பூலுக்கு அடியில் சுழல்கிற ரோட்டாரைப் பிடித்திருக்கிற நட்டில்தான் நிதானம் வேண்டும். அது திரும்பாமல் இருக்கப் பல ரீல்களில் ஒரு சின்னத் தடுப்புத் திருகாணி இருக்கும். அதை முதலில் எடுக்க வேண்டும். சில ரீல்களில் நட்டுக்கு எதிர்மரை. எந்தப் பக்கம் கழல்கிறது என்று தெரியாமல் பலம் காட்டினால் மரை போய்விடும். அசையாத திருகாணிகளில் துரு நீக்கும் எண்ணெயைச் சொட்டுவிட்டு இரவு முழுக்க விட்டுவிட்டேன். காலையில் பெரும்பாலானவை முனகாமல் வந்தன.

உள்ளே பழைய கிரீஸ் மெழுகாக உறைந்து போயிருந்தது. பித்தளைப் பினியன் பல்சக்கரத்தின் பள்ளங்களில் பச்சை. நல்லவேளை, பல் எதுவும் தேய்ந்திருக்கவில்லை. கரகரப்பு முழுக்க அழுக்காலும் பேரிங்காலும்தான். உலோகப் பாகங்களுக்குப் பாத்திரம் துலக்கும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் பழைய பல்துலக்கியும் போதும். வண்டி பிரேக்குக்கு அடிக்கிற ஸ்பிரேயைச் சிலர் சொல்வார்கள். வேகமாகச் சுத்தம் ஆகும் என்பது உண்மைதான், ஆனால் அது பிளாஸ்டிக் பாகங்களைக் கெடுத்துவிடலாம். நான் அந்தப் பக்கம் போகவில்லை. பேரிங்குகளை மட்டும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, குலுக்கி, காயவிட்டு, விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தேன். சத்தமில்லாமல் சுற்றி மெதுவாக நின்றால் நல்லது. தடுக்கித் தடுக்கி நின்றால் மாற்றிவிட வேண்டியதுதான்.

நரம்பு உருளைக்குள் இருந்த பேரிங் தேறவில்லை. ஸ்பின்னிங் ரீலில் முதலில் சாவது பெரும்பாலும் அதுதான். மற்ற பேரிங்குகள் உடம்புக்குள் ஒளிந்திருக்க, இது மட்டும் வெளியே நின்று, நரம்பு கொண்டுவருகிற கடல் தண்ணீர் ஒவ்வொரு சொட்டையும் குடிக்கிறது. உருளையைக் கழற்றியதும் உள்ளே உப்பு வெள்ளைப் பொருக்காக இருந்தது, அதைக் குத்தி எடுத்தால் அடியில் செம்பழுப்புத் துரு. இது இறுகிப்போனால் என்ன ஆகும் என்று பலர் யோசிப்பதில்லை. மீன் ஓடும்போது நரம்பு இந்த இடத்தில்தான் கிட்டத்தட்ட செங்கோணத்தில் திரும்புகிறது. உருளை சுற்றாவிட்டால் நரம்பு அதன்மேல் உரசிக்கொண்டே போகும். பின்னல் நரம்பான பிரெய்டு பஞ்சு பஞ்சாகும், உருளையில் பள்ளம் விழும், டிராக்கில் நாம் வைத்த அளவுக்கு மேல் கணக்கில்லாத ஒரு பாரமும் சேரும். டிராக் சரியில்லை என்று புகார் சொல்கிற ரீல்களில் உருளையையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

புது பேரிங் வாங்க ரீல் கம்பெனியைத் தேடவேண்டியதில்லை. உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், இந்த மூன்று அளவும் தெரிந்தால் போதும். இதில் 4, 7, 2.5 மி.மீ. பரவலாகக் கிடைக்கிற அளவுதான். துருப்பிடிக்காத எஃகில், இரு பக்கமும் மூடியது வாங்கினேன். மாட்டும்போது உருளையின் இரு முகத்திலும் கடல்நீர் தாங்கும் கிரீஸ் லேசாகத் தடவி வைத்தேன். தண்ணீர் உள்ளே போகிற வழியில் ஒரு தடுப்பு.

கிரீஸ் போடக்கூடாத இடமும் ஒன்று உண்டு. கைப்பிடி பின்னால் சுற்றாமல் தடுக்கிற ஒருவழி உருளைக் கிளட்ச். அதற்குள் சின்னச் சின்ன உருளைகள் சுழல்தண்டைக் கவ்விப் பிடித்துத்தான் வேலை செய்கின்றன. அங்கே கெட்டியான கிரீஸ் போனால் கவ்வாமல் வழுக்கும், முள் ஏற்றும் நேரத்தில் கைப்பிடி பின்னால் திரும்பிவிடும். சுத்தமாகத் துடைத்து, மெல்லிய எண்ணெய் ஒரு படலம், அவ்வளவுதான். பல்சக்கரங்களுக்கு கிரீஸ், பேரிங்குகளுக்கு எண்ணெய், கிளட்சுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை.

டிராக் வாஷர்களுக்குத்தான் அதிக நேரம் கொடுத்தேன். ஸ்பூலின் மேலே உள்ள வளைந்த கம்பி கிளிப்பை எடுத்தால் அடுக்கு அப்படியே வெளியே வரும். உராய்வு வாஷர், அச்சோடு பூட்டிக்கொள்ளும் உலோக வாஷர், மறுபடி உராய்வு வாஷர், ஸ்பூலோடு பூட்டிக்கொள்ளும் காது வைத்த உலோக வாஷர் என்று மாறி மாறி வரும். இந்த வரிசை மாறினால் டிராக் டிராக்காக இருக்காது. உலோக வாஷர்களை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்து அழுத்திப் பார்த்தேன், வளைந்திருந்தால் ஆடும். ஆடவில்லை. முகத்தில் படிந்த பழுப்பைத் துணியால் துடைத்ததும் பளபளப்பு வந்தது. உராய்வு வாஷர்கள் கம்பளித் துணி வகை. அவை நசுங்கி, ஓரம் கறுத்து, பலகையாக இறுகியிருந்தன. அவற்றுக்குப் பதில் அதே அளவில் கார்பன் இழை வாஷர்கள் போட்டேன். கார்பன் வாஷரைக் கிரீஸ் இல்லாமலும் ஓட்டலாம், ஆனால் கடல் வேலைக்கு டிராக்குக்கென்றே விற்கிற கிரீஸை இரு பக்கமும் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிட்டால் தண்ணீர் ஒட்டாது, தொடக்கமும் மிருதுவாக இருக்கும். சாதாரண கிரீஸ் இங்கே வேண்டாம். சூடேறினால் இளகி ஓடும்.

எல்லாவற்றையும் திரும்பப் பூட்டியதில் சொல்ல ஒன்றும் இல்லை. படங்களைப் பின்னாலிருந்து முன்னால் பார்த்துக்கொண்டே போனால் முடிந்துவிடும்.

அடுத்து நரம்பு. 9 கிலோ தாங்கும் பிரெய்டு. பிரெய்டை நேராக ஸ்பூலில் கட்டினால் மொத்தச் சுற்றும் ஸ்பூலோடு ஒட்டாமல் வழுக்கிச் சுற்றும், டிராக் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வோம். அதனால் அடியில் சில மீட்டர் தங்கூஸ் சுற்றி, அதன்மேல் பிரெய்டு. ஈரத்துணியால் பிரெய்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டே சுற்ற வேண்டும். தளர்வாகச் சுற்றினால் மேல் சுற்று கீழ் சுற்றுக்குள் புதைந்து, வீசும்போது கொத்தாக முடிச்சு விழும். ஸ்பூல் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிறுத்தினேன். நிரம்பி வழிகிற ஸ்பூலில் தூரம் வீசலாம் என்று ஆசை காட்டுவார்கள், காற்றடிக்கும் படகில் அந்த ஆசை சிக்கெடுப்பதிலேயே முடியும்.

பிரெய்டையும், முள் பக்கம் வருகிற ஃபுளூரோகார்பன் நரம்பான லீடரையும் இணைக்க எஃப்ஜி முடிச்சு. இதில் லீடர் மடங்குவதே இல்லை. விறைப்பாக இழுத்துப் பிடித்த பிரெய்டு, நேராக இருக்கும் ஃபுளூரோகார்பன் மேல் ஒரு தடவை மேலிருந்து, ஒரு தடவை கீழிருந்து என்று குறுக்கும் நெடுக்குமாக 20 சுற்றுப் போகிறது. ஒவ்வொரு சுற்றும் முந்தையதற்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார வேண்டும், மேலே ஏறக்கூடாது. பிறகு ஒரு அரை முடிச்சால் பூட்டி, எச்சில் தொட்டு ஈரமாக்கி, இரு முனையையும் கையில் துணி சுற்றிக்கொண்டு இழுக்க வேண்டும். சரியாகக் கவ்வினால் பிரெய்டின் நிறம் அந்த இடத்தில் கருக்கும், சுற்றுகள் லீடருக்குள் பதிந்து கண்ணாடிபோல் மின்னும். நிறம் மாறாவிட்டால் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுவதே நல்லது. அந்த முடிச்சு பார்க்க அழகாக இருந்தாலும் பாரம் வந்ததும் உருவிக்கொண்டு போகும். மெல்லியதாக இருப்பதால் ராடின் வளையங்களில் இடிக்காமல் போய்வரும் என்பதுதான் இவ்வளவு பாடுபடுவதற்குக் காரணம்.

வஞ்சிரக் குடும்பத்து மீன்களின் பல் கத்தரிக்கோல். 13 கிலோ லீடரையும் சுத்தமாக வெட்டிவிடும். அதற்கு ஒரு சாண் அளவு ஒற்றைக் கம்பி. கம்பியை முடிச்சுப் போட முடியாது, முறுக்கத்தான் வேண்டும். முள்ளின் காதில் நுழைத்து, இரு கம்பியும் ஒன்றையொன்று சமமாகத் தழுவுகிற மாதிரி நாலைந்து முறுக்கு, அப்புறம் குட்டை முனையை மட்டும் செங்கோணத்தில் நாலைந்து நெருக்கச் சுற்று. முதல் பகுதியில் ஒரு கம்பி நேராக நிற்க மற்றது அதைச் சுற்றினால் அது வழுக்கி வெளியே வந்துவிடும். மிச்சக் கம்பியைக் கட்டரால் வெட்டாமல், கைப்பிடி மாதிரி மடக்கி முன்னும் பின்னும் ஆட்டி ஒடிக்க வேண்டும். வெட்டிய முனை கையைக் கிழிக்கும். ஒடித்த முனை வழவழப்பாக இருக்கும். தெளிந்த தண்ணீரில் கம்பியைப் பார்த்து மீன் ஒதுங்குவதும் உண்டு, அதனால் கம்பி இல்லாத லீடரும் சில தயாராக வைத்துக்கொண்டேன்.

கடைசியில் மறுபடி தராசு. நரம்பின் தாங்கும் திறனில் கால் பங்கு என்பது பழைய விதி, நல்ல விதியும்கூட. 9 கிலோவுக்கு 2.3 கிலோ சுமார். இப்போது இழுத்தபோது தராசு 2.4 போய் 2.3-இல் நின்று, ஸ்பூல் சுற்றச் சுற்ற அங்கேயே இருந்தது. உருளையும் சுற்றிக்கொண்டே இருந்தது. இதற்காகத்தான் அத்தனை துடைப்பும்.

நாள் குறிப்பதை கேப்டனிடம் விட்டுவிட்டேன். வசந்தத்தில் கடல் இன்னும் குளிர்ந்தே இருக்க, நிலம் சீக்கிரம் சூடேறிவிடும். ஈரமான வெதுவெதுப்புக் காற்று குளிர்ந்த நீர்மேல் வந்தால் பனிமூட்டம், பிற்பகலில் கடல்காற்று. தண்ணீர் 20 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது இரைமீன் கூட்டங்கள் கரையை ஒட்டி நகரும், வலசை போகிற வஞ்சிர வகைகள் பின்னாலேயே வரும். முதலில் பேசிய நாளை அவர் தள்ளிப்போட்டார். அலையின் உயரம் அரை மீட்டர்தானே என்று எனக்குத் தோன்றியது. அவர் பார்த்தது இரண்டு அலைகளுக்கு இடையிலான நேரத்தை. 9 விநாடிக்கு ஒன்றாக வரும் ஒரு மீட்டர் அலையில் படகு ஏறி இறங்கும், அவ்வளவுதான். 3 விநாடிக்கு ஒன்றாக வரும் அரை மீட்டர் அலை உடம்பைக் குலுக்கி எடுத்துவிடும். வாந்திக்கான மாத்திரையும் கிளம்புவதற்கு முன்பே போட்டால்தான் கேட்கும். தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டு என்ன பயன்?

விடியலில் கிளம்பி, முதல் வேலையாகச் சின்ன இறகு முட்கள் வரிசையாகக் கட்டிய தூண்டிலில் உயிர் இரை பிடித்துத் தொட்டியில் விட்டார்கள். கரை இன்னும் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்த தூரத்தில், ஒரு பாருக்கு, அதாவது கடலடிப் பாறைத் திட்டுக்கு, மேலே பறவைகள் விழுந்து விழுந்து எழுந்தன. கேப்டன் கூட்டத்துக்குள் படகை விடாமல், காற்று வரும் பக்கமாகச் சுற்றிப்போய் எஞ்சினை அணைத்து மிதக்கவிட்டார். நடுவில் வீசாமல் ஓரத்தைத் தாண்டி வீசச் சொன்னார். ஸ்பூனை வேகமாக இழுக்க வேண்டும். இந்த ரீலில் கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 90 செ.மீ. நரம்பு ஏறும் என்பதால் கை அசராமல் அந்த வேகம் கிடைத்தது. ஸ்பூனுக்கு முன்னால் ஒரு ஸ்விவல், அதாவது சுழலும் இணைப்பு, இல்லையென்றால் நரம்பு முழுக்க முறுக்கேறிவிடும்.

மீன் ஸ்பூனை அடித்ததும் ஸ்பூல் கிளம்பிய விதத்தைத்தான் நான் கவனித்தேன். தடை இல்லை, துள்ளல் இல்லை, ஒரே சீராக நரம்பு போனது. மீன் நின்றது, சுற்றினேன், மறுபடி ஓடியது, மறுபடி அதே மாதிரி விட்டுக்கொடுத்தது. மேலே வந்தபோது முள் வாயோரத்தில் இருக்க, கம்பியில் பல் தடங்கள் வரிசையாக இருந்தன.

பிறகு ஒரு மிதவை பக்கம் கடல்விரால். இது நுனி உள்பக்கம் வளைந்த வட்டமுள்ளில் உயிர் இரைக்கு வந்தது. வட்டமுள்ளில் ராடை வெட்டி இழுக்கக்கூடாது. நரம்பை இறுக்கினாலே முள் வாயின் மூலையில் தானாக ஏறிக்கொள்ளும். கடல்விரால் முதலில் நல்ல பிள்ளையாகப் படகருகே வந்து முகத்தைக் காட்டிவிட்டு, அப்புறம்தான் நிஜமாக ஓடும். ஸ்பூல் இளைத்துக்கொண்டே போனது. அந்த நேரத்தில் கை தானாக டிராக் குமிழுக்குப் போய் இறுக்கப் பார்க்கும். கேப்டன், "தொடாதீங்க, இன்னும் கொஞ்சம் லூஸ் பண்ணுங்க" என்றார். அவர் சொன்னதில் கணக்கு இருக்கிறது. வாஷர்கள் தருவது ஒரு சுழல்விசை. நரம்பு வெளியே போய் ஸ்பூலின் ஆரம் 24 மி.மீ.-இலிருந்து 18-க்குக் குறைந்தால், குமிழைத் தொடாமலே 2.3 கிலோ 3 கிலோவுக்கு மேல் ஆகிவிடும். வெளியே கிடக்கிற நீளமான நரம்பைத் தண்ணீர் பிடித்து இழுப்பது அதற்கு மேல். கால் சுற்றுத் தளர்த்தினேன். மீன் வந்தது. மூக்கிலிருந்து வால் கவை வரை அளந்தார்கள், வைத்துக்கொள்ளும் அளவுக்கு எட்டவில்லை. தண்ணீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றி விட்டோம்.

வைத்துக்கொண்ட மீன்களை உடனே செவுள் வெட்டி இரத்தம் வடித்து, ஐஸும் கடல்தண்ணீரும் கலந்த குழம்புக்குள் போட்டார்கள். வெறும் ஐஸ் கட்டிகள் மேலே பட்ட இடத்தில் மட்டும் குளிரும். இந்தக் கலவை மீனைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும், உப்பு இருப்பதால் பூஜ்யத்துக்குக் கீழேயும் இறங்கும். வஞ்சிரம், சூரை வகைகளை வெயிலில் போட்டுவைத்தால் சதையில் ஹிஸ்டமின் உருவாகிவிடும். அதைச் சமைத்தாலும் அழிக்க முடியாது, முகம் சிவந்து தலைவலி வந்த பிறகுதான் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் டிராக்கை இறுக்கினேன். கழுவும்போது வாஷர்களுக்குள் தண்ணீர் போகாமல் இருக்க. குழாயைப் பீய்ச்சி அடிக்காமல், மெதுவாக ஓடும் நல்ல தண்ணீரில் ரீலை நனைத்து, உருளையை விரலால் சுற்றிக்கொண்டே கழுவினேன். பீய்ச்சி அடித்தால் வெளியே இருக்கும் உப்பை நாமே உள்ளே அனுப்பி வைப்போம். துடைத்துக் காயவிட்டு, உருளைக்கு ஒரு சொட்டு எண்ணெய், பிறகு டிராக்கை முழுக்கத் தளர்த்தி வைத்தாயிற்று. இறுக்கியபடியே அலமாரியில் வைத்தால் வாஷர்கள் நசுங்கிப்போகும். பிரெய்டின் முதல் இரண்டு மீட்டர் சொரசொரப்பாக இருந்தது, வெட்டிவிட்டேன். கைப்பிடிக் குமிழுக்குள் மட்டும் லேசாக ஒரு கிரீச் சத்தம் புதிதாக வந்திருக்கிறது. அதன் மூடியைக் கழற்றப் பொருத்தமான திருப்புளி கையில் இல்லை. அளவு எடுத்து வைத்திருக்கிறேன்.